கையை உயர்த்தியவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம். இங்கே கனடாவில், ஒஷாவாவில், தொண்ணூற்றெட்டு வயது யேர்மன்காரர் ஒருவரைப் பராமரிக்கிறேன். நேற்றுக் குளிப்பாட்டும்போது, கக்கம் கழுவ, விளையாட்டாக "ஹான்ட்ஸ் அப்" என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"நாங்களும் உப்பிடித்தான் சொன்னனாங்கள். நோர்மண்டியில, டாங்கிப் படையில இருக்கேக்க. கனடாப் பெடியள் கையைத் தூக்கிக்கொண்டு வந்தவங்கள்."

"பிறகு?"

"தண்ணி ஆறுது, பிள்ளை."

இரண்டாம் உலகப் போரில் அந்தப் படை, சரணடைந்த கனடாப் படையினரைச் சுட்டதென்று அவருடைய மகள் பிறகு சொன்னார். பயப்படாதீர்கள், அவரால் எழும்பவும் முடியாது. நாளைக்கும் நான்தான் குளிப்பாட்ட வேண்டும்.

மிளகாய்த்தூள் முடிகிறது, அனுப்புங்கள். இன்னொன்று, அம்மா. முள்ளிவாய்க்காலில் அண்ணா கையை உயர்த்திக்கொண்டு ஆமியிடம் போனபோது என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்? எனக்கு மறந்துபோகிறது.

பஸ் வருகிறது.

துர்க்கா