உன் ரத்தத்தில் வளர்ந்தது

என் சுந்தரண்ணே,

அப்பா இன்னும் யாரையாவது அடிக்கத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடைக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார். வாய்ப்புண்ணுக்கு நீ அங்கேதானே மாத்திரை வாங்கினாய்; அதைத் தின்றுதான் பிறகு எந்த மருந்தும் கேட்காமல் போனது என்கிறார். கடைக்காரர் என்ன செய்வார், பாவம்?

ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் கீமோ கொடுத்ததில் உன் எதிர்ப்புச் சக்தி அற்றுப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து ஈஸ்ட் என்கிற பூஞ்சை ரத்தத்தில் புகுந்தது. வழக்கமான மருந்தை ஏற்றினார்கள், பூஞ்சை சாகவில்லை. வேறு மருந்துக்கு மாற்றுவதற்குள் குளிர்காய்ச்சல் உன்னைக் கட்டிலோடு சேர்த்து உலுக்கியது.

மருந்து ஏற்றிய கழுத்துக் குழாயைப் பிடுங்கி எறிந்தாயே, அது உனக்குத் தெரிந்ததா? என் முகமெல்லாம் உன் ரத்தம். "ஏட்டி, என்னைக் கொன்னு போடுட்டி" என்று கத்தி என் வயிற்றில் உதைத்தாய். நம் ராஜபாளையம் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியால்தான் உன் கைகளைக் கட்டிப்போட்டோம்.

அப்பா டாக்டரம்மாவை மறித்தார். "எம்புட்டு மருந்து ஏத்துதீய, ஒண்ணுகூடவா கேக்கல?"

"ஐயா, இது பழைய மருந்துக்கு அடங்காத பூஞ்சை. புது மருந்து வேலை செய்யச் செத்த நேரம் வேணும்."

சொல்லி முடிக்குமுன் அப்பாவின் முஷ்டி அவர் வாயில் இறங்கியது. அந்த அம்மா உதட்டு ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்து உன் முழங்கால்களை அமுக்கிப் பிடித்தார். அன்று மாலை நீ உதைப்பதை நிறுத்தினாய். மூச்சும் நின்றது.

நேற்று மன்னிப்புக் கேட்க அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னார்: "உங்க மகன் ரத்தத்துலதான் இந்தப் பூஞ்சையை முதல்ல கண்டுபிடிச்சோம். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே காய்ச்சல் வந்தப்போ, ஆரம்பத்திலேயே சரியான மருந்து போட்டோம். பிழைச்சிட்டாரு."

அப்பா நாற்காலியை எட்டி உதைத்தார். "அப்ப எம்மவன் செத்துத்தான் அவன் பொழைக்கணுமா?"

நான் தடுக்கவில்லை, அண்ணே. என் மனசிலும் அதே கேள்விதான். பிழைத்த அந்த மனிதர் நம் பக்கத்துச் செட்டியார்பட்டிக்காரர். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். அவர் மூச்சு விடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியுமா?

இப்போது முடியாது. ஆனால் ஒரு நாள் போவேன். அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் சோறு பிசைந்து சாப்பிடுவதைப் பார்ப்பேன். வெறுக்காமல் பார்க்க முடிகிறவரை திரும்பத் திரும்பப் போவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
மாரி