பட்டியலில் இல்லாத இளங்கோ

மார்ச் 11, செவ்வாய். ஐசலின், நியூ ஜெர்சி.
விடாத மழை. இன்று உறுதியானது ஒன்றுதான்: "இப்பெயரில் எவரும் எங்கள் காவலில் இல்லை." ராணுவத்தின் கடிதம். குடும்பத்தின் வழக்கறிஞர் ரேச்சல் காட்டினார், செய்திக்காக நானே படித்தேன்.
ஆள்: ப. இளங்கோ, எடிசன்காரர், குடிநீர்ப் பொறியாளர். அந்நிய ராணுவம் பிடித்து வைத்திருக்கும் ஊரில் பம்பு சரிசெய்யப் போனவர். சோதனைச் சாவடியில் பிடித்துக் கொண்டுபோய் ஏழு வாரம். அவருடைய டிரைவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.
ரேச்சல் சொன்னது: பாதுகாப்புக்கு வேறு வழியே இல்லையென்றால்தான் பொதுமக்களை அடைத்து வைக்கலாம், அப்போதும் மேல்முறையீட்டுக்கு வழி விட வேண்டும். ஆளே இல்லை என்றால் எதை எதிர்த்து முறையிடுவது?

மார்ச் 12, புதன்.
வெயில். காருக்கு ஆயில் மாற்றினேன். மாலை இளங்கோவின் மனைவி கவிதா வீட்டில். டீயில் சர்க்கரை இல்லை, சொல்லவில்லை.
பார்மசியிலிருந்து போன். ஸ்பீக்கரில் பதிவுக் குரல்: பழனிசாமியின் மாத்திரை தயார்.
"யாரும்மா பழனிசாமி?"
"என் மாமனார், அங்கிள். செத்துப் பத்து வருஷம் ஆச்சு, நியூ ஜெர்சில இன்னும் பிபி மாத்திரை வாங்கறார்." சிரித்தார். "பாஸ்போர்ட்ல இவரோட லாஸ்ட் நேம் அதான். என் லாஸ்ட் நேம் இளங்கோ."
கோப்பையைக் கீழே வைத்தேன். ஐந்து வாரம் முன்பு ராணுவத்துக்குப் போன மனுவில் குடும்பப் பெயர் இளங்கோ, முதல் பெயர் வெறும் ப. ஒன்று கவிதாவின் பெயரிலிருந்து, மற்றது என் செய்தியிலிருந்து. பாஸ்போர்ட் இளங்கோவிடமே. முப்பது வருடச் செய்தியாளன் நான், இனிஷியல் போட்டே எழுதிப் பழக்கம். விரிவு கேட்கவில்லை.
கவிதாவிடம் சொன்னேன். மேஜை மேலிருந்த என் போனை என் பக்கம் நகர்த்தினார். "இப்பவே லாயருக்குப் போன் பண்ணுங்க."

மார்ச் 18, செவ்வாய்.
சரியான பெயரில் போன மனுவுக்குப் பதில் வந்தது. பழனிசாமி, பொறியாளர்: காவலில். காரணம்: பாதுகாப்பு. ஆதாரம்: ரகசியம்.
நீதிமன்றம் விசாரிக்க வேண்டும், அது மனித உரிமைச் சட்டம் என்கிறார் ரேச்சல். தன் எல்லைக்கு வெளியே அச்சட்டம் செல்லாது என்கிறது ராணுவம். மேல்முறையீடு இன்றே தாக்கல்.
கவிதாவின் மகள் கடிதத்தை வாசித்தாள். "தட்ஸ் தாத்தாஸ் நேம்."
"அப்பாதான்டி அது" என்றார் கவிதா.
பத்திரிகையில் போடத் திருத்தம் நான்கு வரி எழுதினேன். ஐந்து வாரம் வீணானதில் என் பங்கு உட்பட. அந்த வரி வேண்டாம் என்றார் ஆசிரியர். வேண்டும் என்றேன்.
நிலுவை: மேல்முறையீட்டுக் குழு திங்களன்று கூடலாம். அவரை நேரில் கொண்டுவருவார்களா, தெரியாது. மாத்திரை தருகிறார்களா என்று கேட்டிருக்கிறோம். வெள்ளிக்குள் பதில் வர வேண்டும்.