ஆர்ஜினின் இருந்த இடம்

ஜூன் 3, செவ்வாய்

பேய்க்காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் அடுத்த வீட்டு மாடியில். எடுக்கப் போனது அம்மா. காலையில் என் விரல் மடங்குவதில்லை. வெயில் ஏறிய பிறகுதான் பேனா. நீள வாக்கியம் கிடையாது. வினைச்சொல் வருவதற்குள் மணிக்கட்டு கெஞ்சுகிறது.

இன்று முடியாதவை: பால் பாக்கெட் கிழிப்பது. சுடிதார் நாடா. குழாய் திருகுவது.

முடக்குவாதம் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் ஒரு தடவை மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை. உடம்புக்குக் கேட்கக் கொஞ்ச காலம் ஆகுமாம்.

அந்த மாடியிலிருந்து அம்மாவின் குரல், அடுத்த வீட்டுக்காரியிடம்: “இருவத்தாறு வயசுல வாதம்னா யாரு மதினி நம்புவா? ஆவணில நிச்சயம் வேற வச்சிருக்கு.”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதான் வாரான், தங்கமான பிள்ள.”

தங்கமான பிள்ளை: முருகன். இங்கே இனி மு. ஊர் திருவேங்கடம். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் சீனியர். இப்போது அவன் அப்பாவின் மோட்டார் பம்பு கடையில்.

ஜூன் 5, வியாழன்

மேகம். மழை இல்லை. எம்.எஸ்ஸி. நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். உயிர்வேதியியல், மூன்றாம் பருவம்.

பி.ஏ.டி. என்று ஒரு நொதி. வெள்ளணுவுக்குள் சும்மா கிடப்பது. கால்சியம் கூடினால் விழித்துக்கொள்ளும். புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் சிட்ருலினை வைத்துவிடும். அவ்வளவுதான் வேலை. ஓர் எழுத்துத் திருத்தம். எல்லார் உடம்பிலும் நடக்கிறது. சில உடம்புகள் மட்டும் அந்தத் திருத்தத்தைப் பொறுப்பதில்லை. சொந்தப் புரதத்தை யாரோ என்று நினைத்து அடிக்க ஆள் அனுப்புகின்றன, வெள்ளணுக்களை. மூட்டு வீங்குகிறது. வந்த ஆட்களுக்குள்ளும் அதே நொதி. மேலும் திருத்தம். மேலும் ஆட்கள்.

பக்கத்தில் படம். அம்புக்குறிகள் சுற்றிச் சுற்றி. அழகாக வரைந்திருக்கிறேன். அப்போது விரல்கள் இருந்தன.

அம்மாவிடம் விளக்கினேன்.

“அப்ப உனக்கு உன்னையவே அடையாளம் தெரியலியா மக்கா?”

பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

“சரி, கையக் காட்டு. கோயில்ல புத்துமண் வாங்கியாந்திருக்கேன்.”

காட்டினேன். குளுகுளுவென்று இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

மாத்திரை. குமட்டல். மு. வந்தான், கையில் ஸ்பானர். வீட்டுக் குழாயையெல்லாம் கழற்றி, நீளக் கைப்பிடி வைத்த புதுக் குழாய் மாட்டினான்.

“இனி திருக வேண்டாம்மா. முழங்கையால தட்டுனாப் போதும்.”

ம்மா.

கல்லூரி முழுக்க அவனுக்கு நான் ஏட்டிதான். ‘ஏட்டி, பஸ் போயிரும்.’ ‘ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா?’ சண்டையிலும் ஏட்டி. கட்டிக்கிடுதியா என்று கேட்டபோதும் ஏட்டி. இன்று பார்த்து உட்காரும்மா, மருந்து சாப்பிட்டியாம்மா. யாரோ வயதான நர்ஸ் அவன் வாய்க்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

நன்றி சொன்னேன். அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. புழுக்கம். மு. மறுபடி. காப்பி டம்ளரை என் வாயருகே கொண்டுவந்தான்.

“நானே குடிப்பேன்.”

“கை வலிக்கும்மா. நான் புடிச்சிக்கிடுதேன்.”

“என்னைப் பழைய மாதிரிக் கூப்பிடு.”

“எப்படி?”

“தெரியாதாக்கும்.”

புரிந்துவிட்டது. சிரிக்கப் பார்த்தான். வாயைத் திறந்தான். என் மணிக்கட்டைப் பார்த்தான். “வரமாட்டேங்கு” என்றான். கண் கலங்கியிருந்தது.

“அப்ப நீயும் வராத.”

“என்ன பேசுத?”

“பாவப்பட்டு ஒருத்தன் என்னைக் கட்ட வேண்டாம். ஆவணி வேண்டாம். வீட்ல சொல்லிரு.”

“பாவம்னு நான் சொன்னனா?”

“வாயத் தொறந்தா அதான் வருது.”

டம்ளரைக் கீழே வைத்தான், சத்தமில்லாமல். கத்தியிருக்கலாம். கோட்டிக்காரி என்றிருக்கலாம். “உடம்பப் பாத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

சமையலறையில் அம்மாவின் அழுகை. நான் அழவில்லை. காப்பியில் ஆடை.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். இரண்டு முழங்கால்களிலும் வீக்கம். குழாயைத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது. அதன் முன்னால் நின்று அழுகை.

நொதியின் மேல் தப்பில்லை. பயந்துபோய் ஓர் எழுத்தை மாற்றியது. அடியில் அதே புரதம். தாக்கியது நான்.

போன் எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூறல். இத்தனை நாள் எழுதவில்லை. எழுத எதுவுமில்லை.

மாத்திரை கேட்கிறது. முஷ்டி மூடுகிறது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பால் பாக்கெட்டை நானே கிழித்தேன்.

அப்பா சந்தையில் கேள்விப்பட்டது: மு.வுக்குக் குருவிகுளத்தில் பெண் பார்க்கிறார்கள். சொல்லிவிட்டு அப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார், பழையதை.

மதியம் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் ஏதோ மோட்டாரை ஓட்டிப் பார்க்கிற இரைச்சல்.

“சொல்லுங்க” என்றான்.

“கை மடங்குது” என்றேன்.

மோட்டார் நின்றது.

“ரொம்பச் சந்தோஷங்க.”