நல்ல கண்ணை மூடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், உடம்புக்குப் புதிதாகக் குறை ஒன்றும் இல்லை, மனதைப் பற்றிக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். பாப்பா நலமா என்று மட்டும் கேட்க மாட்டேன், அவள் நலமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் அடுப்பில் பால் இருக்கிறது, வாசலில் ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிடுவாய், போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வைத்தாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேஜை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அன்றைக்குப் பாப்பா போன் திரையில் மூக்கு முட்டும்படி வந்து நின்று ஆடுகிற பல்லைக் காட்டினாள். கண்ணாடி போட்டிருந்தாள். தினம் இரண்டு மணி நேரம், நன்றாகத் தெரிகிற வலது கண் மேல் ஒட்டி மூடச் சொல்லி டாக்டர் கொடுத்தாரே, அந்த ஒட்டு எங்கே என்று கேட்டேன். ரொம்ப அழுறாப்பா, ஸ்கூல்ல கடல்கொள்ளைக்காரின்னு கேலி பண்றாங்களாம், ஏழெட்டு வயசானா அவளுக்கே புரியும், அப்போ ஒட்டிக்கலாம் என்றாய். அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நீங்க ஒரு நல்ல கண்ணாடியா போட்டு அனுப்புங்கப்பா, உங்க கை மாதிரி இங்க யாருக்கும் வராது என்றாய் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் நின்று லென்ஸ் அரைக்கிற கை இது. இந்தக் கையை எல்லோரும் புகழ்ந்து புகழ்ந்துதான் நம் வீட்டில் ஒரு கண் போயிற்று. இன்னொன்றுக்கும் அதையே கேட்கிறாயா?

உன் தம்பி சேதி உனக்குப் பாதிதான் தெரியும், அம்மா மீதியை மென்று விழுங்கியிருப்பாள். சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் எட்டு மாதம் கிரேன்காரரின் கூடவே நின்று வேலை பழகினான். அவரும் பையன் நிதானமானவன் என்று எழுதிக் கொடுத்தார். கடைசியில் கண் பரிசோதனை. வலது கண்ணை மூடச் சொல்லி இடது கண்ணால் படிக்கச் சொன்னார்களாம், மேல் வரியில் இருக்கிற பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாதவனுக்குத் தூரம் பிடிபடாது, ஆள் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கும் வேலை கொடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். நேரே கடைக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் வைத்தான். இதுல என்னப்பா தப்பு, பாத்துச் சொல்லுங்க என்றான். பவர் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. இல்லை என்பது எனக்கு மெஷினில் வைக்கும் முன்பே தெரியும். அவன் தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகும், மாடிப்படியில் கடைசிப் படியைத் தவற விடுவான், கவனம் எங்கேடா மேய்கிறது என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன். கவனம் இருந்தது, கண்தான் இல்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பும் டாக்டர் அம்மாவிடம் போனேன். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் நல்லா இருக்கு, பாக்கப் பழகாதது மூளைதான் என்றார். ஒரு காகிதத்தில் மண்டையை வரைந்து காட்டினார். முன்னால் இரண்டு கண், பின்னால் பிடரிக்கு மேலே மூளையில் பார்வைக்கான இடம். கண்ணிலிருந்து போகிற நரம்பு நடுவழியில் வேறு நரம்புச் செல்களிடம் சேதியை ஒப்படைக்க, அவை பின்னால் கொண்டு போய்ச் சேர்க்கின்றனவாம். பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தில் இரண்டு கண்ணின் இழைகளும் இன்னும் சரியாகப் பங்கு பிரியாமல் இருக்கும். பிள்ளை பார்க்கப் பார்க்கத்தான் இது வலதுக்கு, இது இடதுக்கு, இது இரண்டுக்கும் பொது என்று பாத்தி கட்டி நிலைக்கும். எந்த இழை தெளிவான சேதியை ஓயாமல் கொண்டு வருகிறதோ அதன் பிடி இறுகும், கலங்கலாகக் கொண்டு வருகிற இழை இளைத்துப் பின்வாங்கும். உன் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் மட்டும் பவர் அதிகம். கலங்கலை யார் உட்கார்ந்து கேட்பது என்று மூளை அதை ஒதுக்கிவிட்டது. எனக்கு இது பங்காளிச் சண்டையாகத்தான் புரிந்தது. ஒரே நிலத்தில் ஒரு பங்காளி தினமும் இறங்கி உழுகிறான், இன்னொருவன் வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறான், நாலு வருஷத்தில் வேலி தானாக நகர்ந்துவிடாதா? நல்ல கண்ணை மூடச் சொல்வது எதற்கென்றால், பெரிய பங்காளியைக் கொஞ்ச நேரம் வீட்டில் உட்காரவைத்துச் சின்னவனை உழவிடுவதற்கு. அதுவும் வேலி இறுகும் முன்னால். ஏழெட்டு வயதுக்குள் என்றால் சுலபமாம். அதற்கப்புறமும் கொஞ்சம் தேறுகிற பிள்ளைகள் உண்டாம், ஆனால் வருஷம் போகப் போகப் பலன் குறைந்துகொண்டே வருமாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று உங்கள் இருவரையும் வீட்டுப்பாடம் எழுதவைக்க ஓயாமல் சொன்ன வாய் இது. இருபத்தேழில் நிற்கிறவனுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். டாக்டர் அம்மா பேனாவை மூடினார். ஆறு வயசுல விடாம மூடியிருந்தா என்று உன் தம்பி கேட்டான். பெரும்பாலும் வந்திருக்கும் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, அப்போ விடாம மூடணும்னு டாக்டர் யாரும் சொல்லலையாப்பா என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை என்றேன்.

பொய். இனி நான் எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. அவனுக்கு ஆறு வயதில் ஆஸ்பத்திரியில் காட்டினோமே, அந்தச் சீட்டில் பவருக்குக் கீழே ஒரு வரி இருந்தது, நல்ல கண்ணைத் தினம் நாலு மணி நேரம் மூடவும், மாதம் ஒரு முறை வரவும் என்று. ஒன்பது நாள் ஒட்டினோம். அவன் நிலைப்படியில் இடித்துக்கொண்டான், சோற்றைத் தேடித் தடவினான், ஒன்பதாம் நாள் நீ எண்ணெயைத் தொட்டுத் தொட்டு ஓரத்தை ஊறவைத்து வலிக்காமல் உரித்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தாய். நான் கதவருகே நின்று பார்த்தேன். உன்னை நான் ஏன் திட்டவில்லை என்று என்றைக்காவது யோசித்தாயா? எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனால்தான். நல்ல கண்ணை மூடச் சொல்கிற வைத்தியம் எந்த ஊர் வைத்தியம் என்று எனக்கு முதல் நாளே எரிச்சல். கண் தெரியவில்லை என்றால் லென்ஸ் சரியில்லை, லென்ஸ் சரியில்லை என்றால் நான் இருக்கிறேன், இதுதான் என் மூளைக்கு எட்டியது. கடையில் எங்கள் பழக்கம் உனக்குத் தெரியும், பவரை மட்டும் அட்டையில் குறித்துக்கொண்டு சீட்டைக் கம்பியில் குத்திவிடுவோம், கீழே என்ன எழுதியிருந்தாலும் அது நம் வேலை இல்லை. மறுநாள் அவன் சீட்டையும் அப்படியே கம்பியில் குத்தினேன். அம்மாவிடம், டாக்டரைக் கேட்டுவிட்டேன், கண்ணாடியே போதுமாம் என்று சொன்னேன். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பி அவனை எங்கள் கடைக்குத்தான் கூட்டிப் போனேன்.

அங்கே நடந்ததைக் கேள். முதல் லென்ஸ் போட்டு, நல்ல கண்ணை என் கையால் மறைத்து, சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். ஒரு வரி படித்தான். இன்னும் நுணுக்கமாக அரைத்து இரண்டாவது லென்ஸ் போட்டேன், இரண்டு வரி. இப்படி நாலு வருஷத்தில் ஏழு லென்ஸ், ஏழாவதற்குக் கடைசி வரியையும் கடகடவென்று ஒப்பித்தான். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா என்றார், நானும் இளித்துக்கொண்டு நின்றேன். பிறகு கடைக்கு வெள்ளையடித்தபோது பழைய பலகையை எடுத்துவிட்டு வேறு எழுத்துகள் போட்ட புதுப் பலகையை மாட்டினார்கள். அதே லென்ஸ், அதே கண், உன் தம்பி முதல் வரியிலேயே நின்றுவிட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை, பழைய பலகை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வரி கூடும்போதும் அப்பா முகம் மலர்கிறதே என்று ஒவ்வொன்றாக ஒப்பித்திருக்கிறான். அவனுக்கு அப்போது பத்து வயது. அன்றைக்காவது டாக்டரிடம் ஓடியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கலாம். என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்று போகவில்லை. பிறவியிலேயே அப்படித்தான் என்று அவனுக்கும் சொல்லி ஊருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது உட்கார்ந்து நரம்பு, இழை, பாத்தி என்று படித்துத் தெரிந்துகொண்டு என்ன லாபம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மாவா சொன்னார்கள்.

எண்ணெய் தொட்டதற்கு உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. அப்போது உனக்குப் பதினொரு வயது, தம்பி அழுதது பொறுக்கவில்லை. எனக்கு முப்பத்தொன்பது வயது. இன்று உனக்கு முப்பத்திரண்டு, பாப்பாவுக்கு ஐந்தரை, இனிமேல் உரித்தால் அதை மன்னிக்க நான் ஆள் இல்லை. கேலி செய்கிற பிள்ளைகளுக்கு இன்னும் ஆறு மாதத்தில் வேறு வேடிக்கை கிடைத்துவிடும், அவளுக்கு வேறு மூளை கிடைக்காது. பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்றால் சாயங்காலம் வீட்டில் ஒட்டு. சும்மா ஒட்டிவிட்டு மூலையில் உட்காரவைக்காதே, படம் வரையக் கொடு, மணி கோக்கக் கொடு, பொடி எழுத்து இருக்கிற கதைப் புத்தகத்தைக் கொடு, அந்தக் கண்ணுக்கு வேலை இருக்க வேண்டும். மூடியிருக்கிற நேரத்தில் படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள். மாதா மாதம் டாக்டரிடம் காட்டு, நீயாகப் பரிசோதித்துப் பார்க்காதே, நம் குடும்பத்துக்கு அந்த ராசி இல்லை. கண்ணாடியும் அவசியம்தான், அது இல்லாமல் ஒட்டுவதால் மட்டும் பயனில்லை, ஆனால் என்னிடமிருந்து வராது. அங்கேயே டாக்டர் சொல்கிற கடையில் வாங்கு. லென்ஸின் அதிகாரம் கண்ணின் பின்சுவரோடு சரி, அதற்கப்புறம் நடப்பது வேறு கணக்கு. மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு, அவர் செல்லம் கொடுப்பதில் உனக்கு அண்ணன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாத்திரையைப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போடுவதில்லை. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உன் தம்பி திரும்பவும் மூட்டை ஏற்றப் போகிறான், என்னோடு முன்பு போலவே பேசுகிறான், அதுதான் தாங்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று வாரமாக முயன்றேன், வாய் திறந்தால் குழாய் ரிப்பேரைப் பற்றித்தான் பேச வருகிறது. அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, உறையை ஒட்டாமல், அக்காவுக்கு எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுத் தபாலில் சேர்த்துவிடு என்று அவன் கையில் கொடுக்கப்போகிறேன். இது உன்னிடம் வந்து சேர்ந்தால் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள். வராவிட்டாலும் அவனைக் கோபிக்க எனக்கு உரிமை இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். தினம் இரண்டு மணி நேரம், மறக்காதே.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
உன் அப்பா

அக்கா, படிச்சுட்டேன். அப்பாகிட்ட இன்னும் ஒண்ணும் பேசல, எப்போ பேசுவேன்னும் தெரியல. உனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எண்ணெய் கொண்டு வான்னு உன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினது நான்தான். பாப்பாவும் கெஞ்சுவா. கேக்காதே.
தம்பி