நான் வாசித்த எதிர்வசனம்

பீர்மேடு,
ஞாயிறு

அன்புள்ள பெர்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் தம்பி ஜோஸும் நலம், எனக்கு இருமல் மட்டும் விடவில்லை. உன்னையும் அவர் குறையின்றி வைத்திருக்க ஜெபித்துவிட்டுத்தான் எழுத உட்காருகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நம் வீட்டில் எடுத்தனுப்பிய நடிப்புத் தேர்வு வீடியோ சரியில்லை, வியாழனுக்குள் மறுபடி அனுப்பு, இதுதான் கடைசி என்று படக் கம்பெனியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் தாளில் எழுதி ஜோஸிடம் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

தப்பு என்னுடையது. அன்று நம் எஸ்டேட் வரிசை வீடுகள் இருக்கிற லயம் முழுக்க டிவியை அணைத்துவிட்டு நமக்காக அடங்கி இருந்தது. பக்கத்து வீட்டு செபமாலையம்மாள், "ஏ பிள்ளைகளா, பெர்சி நடிக்கா, எவ வீட்டுல குக்கர் விசிலடிச்சாலும் வந்து தூக்கி எறிஞ்சிருவேன்" என்று வாசலில் காவல் நின்றாள். நான்தான் கெடுத்தேன். அப்பா இறந்ததை அம்மாவிடம் மகள் மறைக்கிற காட்சி; கேமராவுக்குப் பின்னால் நின்று அந்த அம்மாவின் வசனமாக நான் வாசிக்க இருந்தது "அப்பா சாப்பிட்டாரா?" என்ற ஒரே வரி. அதைச் சொன்னதும் தேயிலைக் காட்டிலிருந்து உன் அப்பாவைத் தூக்கி வந்த நாள் முன்னால் வந்து நின்றது, தாளில் இல்லாததையெல்லாம் சொல்லி அழுதேன். உன் குரல் என் குரலில் அமுங்கிப்போய், நீ கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் கண்ணைத் துடைக்க ஓடி வந்தாய். அதைப் பார்த்த பிறகும் நல்லா இருக்கு, அனுப்பு என்றேனே, ஏன் என்று இத்தனை நாள் யோசித்தேன். அடக்கத்தன்று வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விட்டது, நாம் இருவரும் சேர்ந்து அழுதது அந்த வீடியோவில்தான். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ அனுப்பிய கம்பெனிக் குறிப்பை நாலு முறை படித்தேன். இந்த முறை என் வரியை உன் அறைத்தோழி ஜோமோள் வாசிக்கட்டும், அவள் மலையாளம் கலந்த தமிழே போதும். மெல்லச் சொல்லட்டும், போனை ஒட்டி நிற்கட்டும், நீ லென்ஸை விட்டு அவளைப் பார். ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், வெளிச்சம் முகத்தில் விழட்டும். கொழுந்தெடுக்கிற பெண் வேஷம் என்று கூடையைத் தேடி அலையாதே, நம் பேச்சு உன்னிடம் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன் தலையில் கைவைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வசனம் முடிந்ததும் போனை அணைக்க ஓடாமல் இரண்டு மூச்சு அப்படியே நில். அன்று நீ நிற்கவில்லை, என்னிடம் வந்துவிட்டாய். இந்த முறை வராதே மகளே, அம்மா கண்ணை அம்மாவே துடைத்துக்கொள்வேன்.

உன் அம்மா
ஞானஜோதி பாஸ்கல்