ரம்பச் சத்தத்துக்கு ஓடிவரும் மான்கள்

அன்பு மகள் ரிஸ்தெனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் கோதன்பர்க்கில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். ஆற்றுக்கு மேற்கே நின்ற பழைய ஸ்ப்ரூஸ் மரக் காட்டைக் கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் நடுவே மழை பெய்து பனிக்கு மேல் ஐஸ் இறுகிவிட்டது, பனிமான்கள் குளம்பு தேயத் தோண்டியும் தரைப்பாசி எட்டவில்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் அந்தக் காட்டின் கிளைகளில் தொங்கும் கருந்தாடிப் பாசிதானே நமக்குக் கதி, அப்பாவோடு நாங்களும் மந்தையை அங்கே ஓட்டிப்போனோம், போனால் வெட்டும் இயந்திரம் முன்னாலேயே நிற்கிறது. பஞ்சம் வந்தால் பாசி மண்டிய மரம் ஒன்றிரண்டை அறுத்துத் தள்ளிப் பழக்கிவிட்டோம் அல்லவா, ரம்பம் கேட்டாலே தீனி என்று நம் மான்களுக்கு நினைப்பு, துள்ளிக்கொண்டு இயந்திரத்தை நோக்கி ஓடின. விழுந்த மரமெல்லாம் பாசி. வயிறு புடைக்கத் தின்றன. ஆந்தே சித்தப்பா சும்மா இருப்பாரா, காட்ட அறுக்கிறவன் நமக்குப் பந்தி வெச்சிருக்கான் பாரு என்று சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “தின்னட்டும் விடு. இனிமே இதுங்களுக்கு இப்பிடி ஒரு சாப்பாடு கெடையாது” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை, எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தேன். புது மரக்கன்று நடுவார்களாம். அதில் பாசி பிடிக்க நூறு வருஷம் ஆகும், அப்போது நீகூட உயிரோடு இருக்க மாட்டாய்.

இனி ஐஸ் இறுகினால் போக இடமில்லை, மூட்டைத் தீனி எல்லா மானுக்கும் ஒத்துக்கொள்வதுமில்லை, அதனால் வரும் இலையுதிர்காலத்தில் பாதி மந்தையைக் கறிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. காதில் உன் குறி வெட்டிய மான்களை உன்னைக் கேட்காமல் தொட மாட்டார். நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வெள்ளை யீவ்யாவும் அதில் சேர்த்தி, யோசித்து எழுது. போன வாரம் வாசலில் விறகுக்கு மோட்டார் ரம்பத்தைப் போட்டேன், யீவ்யா ஏரியின் அக்கரையிலிருந்து ஓடிவந்துவிட்டது. பாசியில்லாத பிர்ச் கட்டையை முகர்ந்தது, பிறகு என் முகத்தைப் பார்த்தது. கொடுக்க ஒன்றுமில்லை. அன்றிலிருந்து கைரம்பத்தால்தான் அறுக்கிறேன்.

காலில் கம்பளிக் காலுறை போட்டுக்கொள். எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இரு மகளே. வரும்போது நல்ல கைரம்பம் ஒன்று வாங்கிவா, இங்கே இருப்பது மழுங்கிவிட்டது.

உன் அம்மா
ஸுன்னா