பசிக்கலையா உனக்கு?

9 அக்டோபர் 2003, வியாழன். ஹீலோ

மழை. நேற்றும் மழைதான். ஹவாயில், அதுவும் ஹீலோவில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டியதே இல்லை. ஆனால் இது என் மனைவி ஹருமி வாங்கிய நோட்டு. முதல் நான்கு பக்கம் அவள் கையெழுத்து, முழுக்கப் பப்பாளிக் கன்றைப் பற்றி. மீதியைக் காலியாக விட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாஸ் வேகஸ் போகிறோம். ஒவ்வொரு அக்டோபரும் எங்கள் தெருவே சேர்ந்து சூதாடப் போவதுதான். ஹருமி ஜனவரியில் கண்ணை மூடிவிட்டாள், இந்த வருடம் நான் எதற்கு என்றேன். பக்கத்து வீட்டு பிளாசம் விடவில்லை.

"டிக்கெட் போட்டாச்சு நோபு. அவ சீட்ல நான் உக்காந்துக்கறேன். குறட்டை விட்டே, தொடையிலயே கிள்ளுவேன்."

ஹானலூலுவிலிருந்து மகள் கெயில் பேசினாள். "அப்பா, ஒரு நாளைக்கு இவ்வளவு காசு, இத்தனை மணி நேரம்னு இங்கயே முடிவு பண்ணிட்டுப் போங்க. அங்க போய்ப் பாத்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் அவள் அம்மாவுக்கு எல்லை போட்டவனே நான்தானே. நான் எங்கே ஆடினேன்?

11 அக்டோபர், சனி

பதினொரு வீட்டிலிருந்து பதினொரு உறை. ஒவ்வொன்றிலும் ஐந்து டாலர். "ஹருமியோட மெஷின்ல எங்களுக்கும் ஒரு ஆட்டம் போட்ருங்க அங்கிள்." ஊருக்குப் போகிறவனிடம் இப்படிக் கொடுத்தால் எங்கள் பக்கம் யாரும் மறுப்பதில்லை. வாங்கிவிட்டால் ஆடித்தான் ஆக வேண்டும். வருகிறதோ போகிறதோ, திரும்பும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் மிட்டாயாவது கொண்டுவர வேண்டும். இத்தனை நாள் அதெல்லாம் ஹருமியின் வேலை.

பெட்டியில் உலர்ந்த மீன், அவளுடைய பச்சைக் கம்பளிச் சட்டை. வேகஸில் மகனோடு இருக்கும் அவள் அக்கா யாயேகோ அதைக் கேட்டிருந்தார்.

13 அக்டோபர், திங்கள். லாஸ் வேகஸ்

அதே ஹோட்டல், அதே ஏழாவது மாடி. காலையில் அதே சோறும் மாட்டு வால் சூப்பும், சுற்றிலும் பாதி ஹவாய்க்காரர்கள். நான் நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. ஜனவரியிலிருந்து இப்படித்தான், வாயில் போட்டால் அட்டை மாதிரி இருக்கிறது.

கீழே கூடத்துக்குப் போனதும் ஏதோ குறைந்தது. நாணயச் சத்தம். இப்போது நோட்டைச் செருகினால் போதும், எழுந்தால் மிச்சப் பணத்துக்கு ஒரு சீட்டு வருகிறது. முன்பெல்லாம் தகரத் தட்டில் கால் டாலர்கள் மழையாகக் கொட்டும். பிளாஸ்டிக் வாளியும் கையுமாக அலைவார்கள். ஹருமியின் விரல்கள் கரி பிடித்தது போலக் கறுத்துவிடும். அதற்காகவே சட்டைப்பையில் ஈரத் துண்டு வைத்திருப்பேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிடுவேன், குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்கும் பழக்கத்தில் துண்டை நனைத்து எடுத்துப் போயிருக்கிறேன், முட்டாள்.

1974 ஞாபகம் வந்தது. அந்த வருடம் அவள் எல்லாப் பணத்தையும் ஆட்டத்தில் விட்டாள். கடைசி இரண்டு நாள் காலை உணவுச் சீட்டில்தான் வயிறு கழுவினோம். திரும்பும் விமானம் ஏறினோம். பாதிக் கடல் தாண்டியதும் சொன்னாள்: "இனிமே நான் எந்திரிக்கலைன்னா எல்லார் முன்னாடியும் திட்டாத. பசிக்குதுன்னு மட்டும் சொல்லு. எந்திரிச்சிடுவேன்."

சொன்னபடி செய்தாள். இருபத்தெட்டு வருடம். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பசிக்குது என்பேன், பசி இருக்காது. நல்ல சீட்டு கையில் இருந்தாலும் எழுந்துவிடுவாள். சில நாள் நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். அவள் திரும்பி, "பசிக்கலையா உனக்கு?" என்பாள். இத்தனை ஆட்டத்துக்கு நடுவிலும் என் வயிற்றை நினைக்கிறாளே என்று எனக்கு உருகிப்போகும்.

14 அக்டோபர், செவ்வாய்

தூணிலிருந்து மூன்றாவது போக்கர் சீட்டாட்ட இயந்திரம். அவளுடையது. உள்ளே மாற்றிவிட்டார்கள், இடம் மட்டும் அதே.

தெருக்காரர்கள் பணத்தை ஒவ்வொரு உறையாக ஆடினேன். பத்து வீடு போயிற்று. கடைசி உறை கிழவர் கமாகாவுடையது. நான்கு ராணிகள்! முப்பத்தோரு டாலர். நான் கத்தியதில் பிளாசம் ஓடி வந்துவிட்டாள். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனைக் காட்டி, கூட வந்த பெண்களிடம் கூவினாள்:

"பஸ் டிரைவர் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டான்டி! இனி ஒருத்தரும் இறங்க முடியாது!"

கமாகாவின் பணத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். அப்புறம் என் பணத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

15 அக்டோபர், புதன். காலை

பதினொன்றுக்கு யாயேகோ அக்கா வீட்டில் சாப்பாடு. பன்றிக்கால் சூப் வைக்கிறேன் என்றார். இப்போது ஏழரை. பையை எடுத்துக்கொண்டே கீழே போகிறேன். ஒரு மணி நேரம் ஆடிவிட்டு அப்படியே பஸ் பிடிக்கலாம்.

15, சாயங்காலம்

போகல.

போகவே இல்ல. மூணரை மணி வரைக்கும் அங்கேயே இருந்திருக்கேன். அந்தக் கூடத்தில் கடிகாரம் கிடையாது. வேலையை விட்ட அன்றைக்கு நான் கழற்றிய கைக்கடிகாரம் ஹீலோவில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. ஒன்பது இருக்கும், பத்து இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தோற்றால், விட்டதை எடுத்துட்டுக் கிளம்பலாம். ஜெயித்தால், கை வரும்போது யாராவது எந்திரிப்பாங்களா? இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது, உட்காரு என்று.

பிளாசம் வந்து தோளை உலுக்கினாள். "ஹருமியோட அக்கா மூணு தடவ போன் பண்ணிட்டாங்க. ஆஸ்பத்திரியிலெல்லாம் கேட்டுட்டாங்களாம். என்ன மனுஷன்யா நீ?"

கம்பளிச் சட்டை வைத்திருந்த பை என் காலுக்கு நடுவில் இருந்தது. அதன்மேல் என் செருப்புத் தடம்.

எண்பத்து நாலு வயசு அக்கா. அடுப்பில சூப்ப வச்சுட்டு வாசலையே பாத்துட்டு இருந்திருப்பாங்க. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். மழையில ஒரு பிள்ளைய அஞ்சு நிமிஷம் நிக்க வச்சதில்ல நான்.

ஐந்து நாளைக்குக் கொண்டுவந்த பணமும் போயிற்று, சட்டைப்பையில் இருந்த இருபது டாலரும் பஸ் சில்லறையும் தவிர. அது கூடப் பெரிதில்லை. திரும்பித் திரும்பி ஒன்றுதான் வருகிறது. யாரும் வந்து பசிக்குதுன்னு சொல்லலையே. சொல்ல வேண்டியவன் நான்தானே. நானே முன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் யார் இருப்பார்கள்?

கெயில் சொன்னாள். சிரித்தேன்.

16 அக்டோபர், வியாழன்

பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டுப் போகப் பயம், சொல்லாமல் போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்டாட்டி போனதும் வயிறும் கூடவே போயிடுச்சா உனக்கு?"

உள்ளே உட்கார வைத்து நேற்றைய சூப்பையே சூடுபண்ணி வைத்தார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். "நான் பின்னாடி இருந்ததாலதான் ஹருமி தப்பிச்சா அக்கா. எனக்குப் பின்னாடி ஆள் இல்லாமப் போச்சு" என்றேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"நீ நிறுத்தினியா அவள? உக்காரும்போதே எப்ப எந்திரிக்கணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உக்காருவா. எழுபத்து நாலுக்கு அப்புறம் எப்பவும் அப்படித்தான். நேரம் ஆனதும் நீ சொல்றியான்னு பாப்பா. நீ பின்னாடி குறட்டை விட்டுட்டு இருப்ப. 'அந்த மனுஷனுக்கு இன்னிக்குப் பசியே எடுக்கலக்கா, நானே திரும்பி ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு'ன்னு இதே நாற்காலியில உக்காந்து வைவா."

பசிக்கலையா உனக்கு.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "அப்ப எதுக்கு என்னை உக்கார வச்சா?"

"தனியா எந்திரிச்சுப் போக அவளுக்குப் பிடிக்காது நோபு. ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒருத்தன் வந்து கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான்."

அக்கா கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பையில் இருந்த செருப்புத் தடத்தை நானே ஈரத் துண்டால் துடைத்தேன். துடைக்கும்போது அழுதேன், அக்கா பார்க்காத மாதிரி அடுப்புப் பக்கம் போனார். கிளம்பும்போது நாளைக்கும் பதினொன்றுக்கு வரச் சொன்னார்.

இருபத்தெட்டு வருடம் அவள் வண்டியை நான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. இன்றைக்கு அவள் இருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

17 அக்டோபர், வெள்ளி

நாளை ஊருக்கு.

காலையில் வங்கி அட்டையை பிளாசமிடம் கொடுத்து, ஹீலோவில் இறங்கும் வரை கேட்டாலும் தராதே என்றேன். "கெஞ்சினாலும் தர மாட்டேன், அழுதா போட்டோ எடுத்துத் தெருவுக்கே காட்டுவேன்" என்றாள். ஹோட்டல் கடையில் மிட்டாய்ப் பொட்டலம் பதினொன்றும் மலிவான ஒரு கைக்கடிகாரமும் அவள் காசில் வாங்கிக் கொடுத்தாள்.

ஒன்பதுக்கு மூன்றாவது இயந்திரத்தில் உட்கார்ந்தேன். உட்காரும் முன்பே முடிவு செய்துகொண்டேன். இருபது டாலர், பத்து மணி, எது முதலில் வருகிறதோ அது. பின்னால் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பதினாலு டாலர் மிச்சம் இருந்தது. கையில் மூன்று ராஜாக்கள். அதை ஆடி முடித்தேன், நல்லாவே வந்தது. கை மறுபடியும் பொத்தானுக்குப் போயிற்று. போனதை எழுதத்தான் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தேன்.

"பசிக்கலையா உனக்கு?" என்றேன்.

சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து இயந்திரத்துக் கிழவர் தலையைத் தூக்காமல், "இப்பதான் சாப்டேன், நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா வீட்டு வாசலில் நிற்கும்போது மணி பத்தே முக்கால். அடுப்பு வாசனை வெளி வரைக்கும் வந்தது. நிஜமாகவே பசித்தது.